கதை எழுதாம விட்டத பிள்ளைங்ககிட்ட கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு அம்மா எழுதியிருந்த கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். அவங்க பையன் எட்டாவது படிக்கிறான், தமிழ்ப் புத்தகத்த கடகடன்னு வாசிக்கிறான், மார்க்கும் வாங்குறான், ஆனா பேப்பர்ல வந்த ஒரு சின்ன கதைய குடுத்து என்னடா புரிஞ்சுதுன்னு கேட்டா முழிக்கிறான், இது என்ன நோய்னு கேட்டிருந்தாங்க. அந்த அம்மாவுக்கு பதில் சொல்லணும்னுதான் உக்காந்தேன், எழுத எழுத நீளமாயிருச்சு, தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க.

நான் கோவில்பட்டி பக்கம் 27 வருஷம் தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. இப்ப 4 வருஷமா சாயங்காலம் எங்க வீட்டு திண்ணையில 10, 12 பிள்ளைங்களுக்கு கதை படிக்கச் சொல்லிக் குடுக்கிறேன். டியூஷன் இல்ல, காசு வாங்குறதில்ல, ஹோம்வொர்க் முடிச்சிட்டு வரணும், கைய கழுவிட்டு வரணும், அவ்வளவுதான் கண்டிஷன்.

அந்தப் பையனுக்கு நோய் ஒண்ணும் இல்ல. அவனுக்கு வாசிக்கத் தெரியுது, ஆனா புரிஞ்சுதான்னு யாரும் அவன இதுவரைக்கும் சோதிச்சுப் பாக்கல, நாம கேக்குற கேள்விக்கெல்லாம் புரியாமலே பதில் சொல்லிர முடியும். இத எங்கிட்ட படிக்க வர்ற பிள்ளைங்களோட அம்மா அப்பாவுக்கு காமிக்கிறதுக்காக நான் ஒரு வாக்கியம் வச்சிருக்கேன், நானா கட்டுனது, அதுல உள்ள முக்கியமான சொல் எதுக்கும் அர்த்தமே கிடையாது. "சிமிளான் மோரப்பில் டிங்கணியைக் குரட்டினான், அதனால் லொவணை பிசுங்கியது." இப்ப கேள்வி. சிமிளான் எதைக் குரட்டினான்? டிங்கணியை. எங்கே குரட்டினான்? மோரப்பில். லொவணை ஏன் பிசுங்கியது? சிமிளான் டிங்கணியைக் குரட்டியதால். மூணுக்கும் முழு மார்க்! அஞ்சாங்கிளாஸ் பிள்ளை கூட தடுமாறாம சொல்லிரும். நம்ம தமிழ்ல 'ஐ'யும் 'இல்'லும் 'அதனால்'லும் எது எங்க போய் உக்காரணும்னு தானே காட்டிக் குடுத்துருது, பிள்ளை அந்த உருப பிடிச்சுக்கிட்டு போய் பதில எடுத்துருது, லொவணைன்னா என்ன மாடா மரமான்னு யோசிக்கவே வேண்டாம். பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற கேள்வில பாதிக்கு மேல இந்த சாதிதான். எங்க பிறந்தார், எதைக் கொடுத்தார், ஏன் சென்றார். பிள்ளை பாடத்துல அந்தச் சொல் வர்ற இடத்த தேடும், அந்த வரிய அப்படியே பாத்து எழுதும், நாமளும் சிவப்பு மையில டிக் போட்டுருவோம்.

இது எங்க வீட்டு திண்ணையில மட்டும் கண்ட சங்கதி இல்ல ஐயா. பீசான்னு ஒரு உலகத் தேர்வு இருக்கு, 15 வயசு பிள்ளைங்களுக்கு ஓஇசிடின்னு பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேந்த ஒரு கூட்டமைப்பு நடத்துறது. 2009ம் வருஷத் தேர்வோட தொடர்ச்சியா நடந்ததுல இந்தியாவுல இருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துக்கிட்டாங்க. வாசிப்புல நம்ம பிள்ளைங்க வாங்குனது 337 புள்ளி, ஓஇசிடி நாடுகளோட சராசரி 493. அடிப்படைன்னு அவங்க வச்சிருக்கிற நிலைய நம்ம பிள்ளைங்கள்ல 100க்கு 17 பேர்தான் தொட்டாங்க. அந்த அடிப்படை நிலைல என்ன கேக்குறாங்கன்னு பாத்தா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, எழுத்துல நேரா சொல்லாத ஒரு சின்ன விஷயத்த சொன்னத வச்சு ஊகிக்கணும், இந்தப் பத்தி மொத்தத்துல எதப் பத்தினதுன்னு சொல்லணும், அவ்வளவுதான். அப்ப நம்ம பக்கத்துல இருந்து சொன்ன பதில், கேள்வியெல்லாம் வெளிநாட்டு சூழல்ல இருந்துச்சு, நம்ம பிள்ளைங்களுக்கு பழக்கமில்லாததுன்னு. அதுல நியாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், பனி பெய்யுறதப் பத்தி கேட்டா கரிசக்காட்டு பிள்ளைக்கு என்ன தெரியும். சரி, அப்ப நம்ம ஊர்க் கதைய குடுத்து கேளுங்க. தண்ணிக் குடத்தப் பத்தி கேளுங்க, தீர்வை கட்டாத வீட்டப் பத்தி கேளுங்க. நம்மகிட்ட 100 வருஷத்துக்கு மேல சிறுகதை இருக்கு, உலகத்துல எந்த மொழிக்காரனும் பெருமப்படுற மாதிரி இருக்கு, அத வச்சுக்கிட்டு மையக்கருத்து எழுதச் சொல்றோமே, அதான் என் வருத்தம்.

நானும் முதல் 10 வருஷம் அப்படித்தான் நடத்துனேன். துணைப்பாடம்னா வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். கதைய நானே முதல்ல சொல்லிருவேன், ஆசிரியர் குறிப்பு எழுதிப் போடுவேன், முன்னுரை, கதைமாந்தர், கதைச்சுருக்கம், முடிவுரைன்னு தலைப்பு போட்டு டிக்டேஷன் குடுப்பேன். பிள்ளைங்க ஒருத்தரும் அந்தக் கதைய படிச்சதே இல்ல. படிக்கிறதுக்கு என்ன அவசியம், முடிவு வரைக்கும் நான்தான் சொல்லிட்டேனே. கதை எழுதுன மனுஷன் ராத்திரி பகலா உக்காந்து எத முதல்ல சொல்லணும் எத கடைசி வரைக்கும் ஒளிச்சு வைக்கணும்னு பாத்துப் பாத்து கட்டுனத நான் 5 நிமிஷத்துல அவுத்துப் போட்டுட்டு புரிஞ்சுதான்னு கேட்டேன். அந்தப் பிள்ளைங்களுக்கு இப்ப 30 வயசுக்கு மேல ஆகியிருக்கும், நினைச்சா மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

இப்ப என்ன பண்றேன்னு ஒரே ஒரு கதைய வச்சு சொல்றேன். கந்தர்வன் எழுதுன 'தண்ணீர்', ராமநாதபுரம் மாவட்டம் சிக்கல் ஊர்க்காரர் அவரு. ஒன்பதாவது தமிழ்ப் புத்தகத்துல துணைப்பாடமா இருக்கு, நான் எட்டாவது முடிச்ச லீவுலயே, ஸ்கூல்ல யாரும் சுருக்கம் சொல்றதுக்கு முன்னாடி அத எடுத்துருவேன். வறண்ட ஊரு, குடிக்க நல்ல தண்ணி கிடையாது, ஸ்டேஷன்ல பாசஞ்சர் வந்து நிக்கிற கொஞ்ச நேரத்துல பொம்பளைங்க எல்லாரும் குடத்தோட பெட்டிக்குள்ள ஏறி குழாய்ல தண்ணி பிடிக்கிறாங்க. இந்திரான்னு ஒரு பொண்ணு குடம் நிறையட்டும்னு நிக்கிறப்ப ரயில் கிளம்பிருது. அவ போயிட்டா. வீட்ல, ஊர்ல எல்லாரும் தவிக்கிறாங்க, தேடுறாங்க.

இந்த இடத்துல நான் புத்தகத்த வாங்கி மூடிருவேன். மூடிட்டு ஒரே ஒரு கேள்வி. "இப்ப அந்தக் குடம் எங்க இருக்கும்?"

போன வருஷம் இந்தக் கேள்வி கேட்டப்ப திண்ணையில 11 பேர் இருந்தாங்க. முதல்ல ஒரு பையன் "ரயில்லயே விட்டுட்டு இறங்கியிருப்பா டீச்சர், ஆளே தொலஞ்சு போயிருக்கா குடம் எதுக்கு"ன்னான். ஏழெட்டு பேர் ஆமா ஆமான்னாங்க. ஒருத்தன் "தண்ணிய கொட்டிட்டு வெறுங்குடத்த கொண்டு வருவா, அப்பதான் நடக்க முடியும்"ன்னான், அதுவும் யோசிச்ச பதில்தான். ஓரத்துல ஒரு பொண்ணு, அதிகம் பேசாது, அதுக்கு அப்பா இல்ல, அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு போறவங்க, அது மெதுவா "அவ தண்ணியோடதான் வருவா"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் வழக்கமா கேக்குறத கேட்டேன், "கதைல எந்த வரி அப்படி சொல்லுது, காட்டு." புத்தகத்த திறந்து குடுத்தேன். அது விரல வச்சுக்கிட்டே மேல இருந்து தேடிட்டு வந்துச்சு, நாங்க எல்லாரும் பேசாம இருந்தோம், ரெண்டு மூணு நிமிஷம் ஆயிருக்கும், அந்த ஊரு தண்ணிக்கு எவ்வளவு தூரம் அலையுதுன்னு வர்ற இடத்துல விரல் நின்னுச்சு, அப்புறம் கல்யாணம் கட்டுனா தண்ணி இருக்கிற ஊர்லதான் வாக்கப்படணும்னு இந்திரா நினைக்கிற இடத்துல நின்னுச்சு. "இவ்வளவு கஷ்டப்பட்டு பிடிச்சத கொட்டுறதுக்கு அவளுக்கு மனசு வராது டீச்சர், அவ கொட்டுனா அன்னைக்கு வீட்ல யாரும் குடிக்க முடியாதுல்ல"ன்னுச்சு.

அப்புறம் கடைசிப் பக்கத்த படிச்சோம். இந்திரா தண்டவாளத்த ஒட்டி நடந்தே வர்றா, நிறைகுடத்தோட. சிரிச்ச பிள்ளைங்க எல்லாம் திரும்பி அந்தப் பொண்ணப் பாத்துச்சுங்க.

வாசிச்சுப் புரிஞ்சுக்கிறதுன்னு நான் சொல்றது அந்த மூணு நிமிஷத்தத்தான் ஐயா. முடிவ அது ஜோசியமா சொல்லல, முன்னாடி கிடந்த ரெண்டு வரிய எடுத்து பின்னாடி வரப்போறதோட முடிச்சு போட்டுச்சு. அந்தப் பொண்ணு ஸ்கூல்ல தமிழ்ல 50ஐ தாண்டுனதில்ல, எழுத்துல ர ற தகராறு நிறைய. ஆனா அன்னைக்கு திண்ணையில இருந்தவங்கள்ல கதைய ஒழுங்கா படிச்சது அது ஒண்ணுதான்.

இதுக்கு கதைதான் வேணும், அதுவும் நல்ல கதையா வேணும், ஏன்னா நல்ல கதை எல்லாத்தையும் சொல்லாது. நீதிக்கதைல கடைசில இதனால் அறிவது யாதெனில்னு வந்துரும், பிள்ளை யோசிக்க அங்க இடமே இல்ல. கட்டுரைல ஆசிரியர் தன் கருத்த தானே சொல்லிருவாரு. சிறுகதைலதான் எழுதுனவரு பாதிய தன் கைல வச்சுக்கிட்டு மீதிய நம்ம கைல குடுக்கிறாரு. அதனால சிறுகதைய வச்சு கேள்வி கேக்குறப்ப, கதைல என்ன எழுதியிருக்குன்னு கேக்காம, எத எழுதாம விட்டிருக்குன்னு கேக்கணும், அதுக்கு பிள்ளை சொல்ற பதில் எதுவா இருந்தாலும் எந்த வரின்னு காட்டச் சொல்லணும். இந்த ரெண்டாவது பாதி ரொம்ப முக்கியம். அது இல்லன்னா ஆளாளுக்கு மனசுல தோணினத சொல்லிட்டு போயிருவாங்க.

கஷ்டமான சொல்லப் பத்தியும் சொல்லணும். பாடம் எடுக்குறதுக்கு முன்னாடியே 20 அருஞ்சொற்பொருள போர்டுல எழுதிப் போடுறது நம்ம வழக்கம். நான் அத விட்டுட்டேன். எந்த சொல் தெரியலன்னா கதையே நகராதோ அத மட்டும் முன்னாடி சொல்லுவேன், மத்தத அந்த இடம் வர்றப்ப பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். கி. ராஜநாராயணனோட 'கதவு' படிக்கிறப்ப 'தீர்வை' என்னன்னு முதல்லயே சொல்லிருவேன், நிலத்துக்கு சர்க்காருக்கு கட்டுற வரின்னு, ஏன்னா அது தெரியாம கதவ ஏன் கழட்டிட்டு போறாங்கன்னே புரியாது. ஆனா 'தலையாரி'ன்னா யாருன்னு சொல்ல மாட்டேன். அந்த ஆள் வர்றாரு, பாக்கி கேக்குறாரு, கதவ கழட்டுறாரு, இத படிச்சிட்டு அவரு யாரா இருப்பாருன்னு பிள்ளைங்களே சொல்லிருதுங்க, "கவர்மெண்ட் ஆளு, ஆனா பெரிய ஆபீஸர் இல்ல"ன்னு ஒரு ஆறாங்கிளாஸ் பையன் சொன்னான், அகராதிய விட அது நல்லா இருக்கு!

கதவ சொன்னதும் இன்னொண்ணு சொல்லத் தோணுது. கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் ரெண்டு பேருமே இடைசெவல்காரங்க, கோவில்பட்டில இருந்து திருநெல்வேலி போற ரோட்டுல இருக்கு, எங்க பிள்ளைங்க பஸ்ல அந்த ஊர் போர்டப் பாத்துட்டே போறவங்க. ஒரே சின்ன ஊர்ல இருந்து ரெண்டு சாகித்ய அகாதமி, அழகிரிசாமிக்கு 1970ல, கி.ரா.வுக்கு 1991ல. இத சொன்னப்ப ஒருத்தன் "நம்ம இடைசெவலா?"ன்னு ரெண்டு தடவ கேட்டான். கதை எழுதுறவங்க எல்லாம் மெட்ராஸ்ல இருக்கிறவங்கன்னு நினைச்சிருக்கான். அப்புறம் அவன் அந்தக் கதைய படிச்ச விதமே வேற.

'கதவு' கதைல பிள்ளைங்க கதவப் பிடிச்சு தொங்கிக்கிட்டு பஸ் விளையாட்டு விளையாடுதுங்க. தகப்பன் வேலைக்குன்னு மணிமுத்தாறு போனவரு, பணம் வரல. தலையாரி வந்து தீர்வை பாக்கிக்கு கதவ கழட்டி தலைல தூக்கிட்டு போறாரு, அதுவும் பிள்ளைங்களுக்கு வேடிக்கையா இருக்கு, பின்னாடியே போகுதுங்க. இங்க நான் நிறுத்தி, "இப்ப அந்தப் பிள்ளைங்களுக்கு தெரியாத எது உங்களுக்கு தெரியும்?"னு கேப்பேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் ஒண்ணொண்ணா வரும், "ராத்திரி குளிரும் டீச்சர்", "நாய் வந்துரும்", "வீட்ல கைக்குழந்தை இருக்கு". கைக்குழந்தைய ஒரு பிள்ளை சொன்னதும் மத்த பிள்ளைங்க முகம் மாறும் பாருங்க, அத பாக்கணும். கதை இன்னும் அங்க போகவே இல்ல, அதுங்க முன்னாடியே போய் நிக்குதுங்க. கடைசில பிள்ளைங்க தங்க கதவ வேற இடத்துல கண்டுபிடிச்சு அத இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற இடம் வர்றப்ப நான் கேள்வியே கேக்குறதில்ல. அங்க கேள்வி கேட்டா பாவம்.

தலையாரி கெட்டவரான்னு ஒரு தடவ ரெண்டு பிள்ளைங்களுக்கு பெரிய வாக்குவாதம் வந்துருச்சு. ஒண்ணு, பிள்ளை இருக்கிற வீட்டு கதவ எடுக்குறவன் கெட்டவன்தான்னுச்சு. இன்னொண்ணு, அதோட தாத்தா ஏதோ ஆபீஸ்ல கடைநிலை ஊழியரா இருந்தவரு, "அவரு எடுக்கலன்னா அவரு வேலை போயிரும்"ன்னுச்சு. ரெண்டும் வரி தேடி வரி தேடி சண்ட போட்டுச்சுங்க, எட்டு மணியாகி வீட்ல இருந்து ஆள் வந்துட்டாங்க. நான் தீர்ப்பு சொல்லல. தீர்ப்பு சொன்னா நாளைக்கு அதையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துருவாங்க.

ஒவ்வொரு கதைக்கும் கேள்வி வேற மாதிரி வரும், ஒரே அச்சுல வார்க்க முடியாது. அழகிரிசாமியோட 'ராஜா வந்திருக்கிறார்'ல தலைப்பே கேள்விதான், யாரு அந்த ராஜா? பணக்கார வீட்டுக்கு வந்த ஜமீன்தார் மாப்பிள்ளையா, மழைல உடுத்த துணி இல்லாம வந்து நின்ன அநாதப் பையனா, இந்த ஒரு கேள்வியவே ஒரு மணி நேரம் பேசலாம். வ.வே.சு. ஐயரோட 'குளத்தங்கரை அரசமரம்' 1915ல வந்தது, கதைய மரம் சொல்லுது, அதுல நான் கேக்குறது "மரத்துக்கு எது தெரியும், ருக்மிணிக்கு எது தெரியாது?" நாகராஜன் மனசுல உள்ளத சிநேகிதன்கிட்ட சொல்றது மரத்துக்கு கேக்குது, கேக்க வேண்டியவ காதுல விழல. இத பிள்ளைங்க கண்டுபிடிச்சதுக்கு அப்புறம், கதைய யாரு சொல்றாங்கன்னு பாக்குற பழக்கம் தானா வந்துருது, பேப்பர் படிக்கிறப்பயும் இத யாரு சொல்றாங்க இவங்களுக்கு எப்படி தெரியும்னு கேக்க ஆரம்பிக்குதுங்க. ஒரு பொண்ணு வாட்சப்ல வந்த ஒரு செய்திய காமிச்ச அவங்க சித்தப்பாகிட்டயே அப்படி கேட்டுச்சாம், அவரு வந்து எங்கிட்ட சொன்னாரு.

பழைய கதை எதுக்கு, மொழி கஷ்டம், எல்லாம் சோகமா இருக்குன்னு சொல்ற டீச்சர்கள் இருக்காங்க, பெத்தவங்களும் சொல்றாங்க. மொழி கஷ்டம்ங்கிறது பாதி உண்மை. புதுமைப்பித்தன நான் ஒன்பதாவதுக்கு கீழ குடுக்க மாட்டேன், அவரு ஒரு வரிக்குள்ள சொல்ற குத்தல பிடிக்க கொஞ்சம் வயசு வேணும். மணிக்கொடி பத்திரிகை வந்த காலத்து நடைல சமஸ்கிருதச் சொல் நிறைய வரும், அதுக்கு டீச்சர் சத்தமா வாசிச்சுக் காட்டணும், ஏத்த இறக்கத்தோட வாசிச்சா பாதி தானா புரிஞ்சுரும், பிள்ளை தனியா உக்காந்து முதல் தடவ படிக்க விட்டா ரெண்டாவது பாராலயே விட்டுரும். சில கதைல அந்தக் காலத்து சாதிப் பேச்சு அப்படியே இருக்கும், அத வகுப்புல சும்மா படிச்சிட்டு போகக் கூடாது, நின்னு பேசணும், பேசத் தெரியாத டீச்சர் அந்தக் கதைய தொடாம இருக்கிறது நல்லது. ஆனா சோகம்ங்கிற குறைய மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அப்பா ஊர்ல இல்லாத வீடு, குழாய்ல தண்ணி வராத தெரு, இதெல்லாம் எங்கிட்ட வர்ற பிள்ளைங்களுக்கு புதுசில்ல. தன் வீட்டுல நடக்கிறத ஒரு பெரிய மனுஷன் மரியாதையா உக்காந்து எழுதியிருக்காருன்னு தெரியுறப்ப அதுங்க நிமிந்து உக்காருதுங்க.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களும் மூணு பேர் வர்றாங்க, அவங்களுக்கு எழுத்துக் கூட்டத்தான் நேரம் ஆகுது, நான் முதல்ல வாசிச்சுட்டேன்னா ஊகிக்கிறதுல மத்தவங்களுக்கு சளைச்சவங்க இல்ல.

இப்ப என் மனசுல உள்ள பெரிய வருத்தத்துக்கு வர்றேன். குடம் தண்ணியோடதான் வரும்னு சொன்ன அந்தப் பொண்ணு ஒன்பதாவது போச்சு. அரையாண்டுப் பரீட்சைல அதே 'தண்ணீர்' கதை 8 மார்க் கேள்வியா வந்துச்சு, மையக்கருத்த எழுதச் சொல்லி. அந்தப் பொண்ணு ரெண்டு பக்கம் எழுதியிருந்துச்சு. தண்ணி இல்லாத ஊர்ல ஒரு பொண்ணு தொலஞ்சு போனாக்கூட குடத்தத்தான் முதல்ல நினைப்பா, ஏன்னா அவ சின்ன வயசுல இருந்தே வீட்டுத் தண்ணி அவ பொறுப்பு, அவள ஊரே தேடுது ஆனா அவ வீட்டுக்கு நாளைக்கு என்ன குடிக்கிறதுன்னு யோசிச்சுட்டு நடந்து வர்றான்னு எழுதியிருந்துச்சு. பிழை இருந்துச்சு, இல்லங்கல. 8க்கு 2 போட்டிருந்தாங்க. ஓரத்துல "உட்தலைப்பு எங்கே?"ன்னு எழுதியிருந்துச்சு. அதே கிளாஸ்ல கைடுல உள்ளத முன்னுரை முடிவுரையோட அப்படியே எழுதுன பையனுக்கு 7. அந்தப் பையனும் என் திண்ணைக்கு வர்றவன்தான், அவனே வந்து "அவ எழுதுனதுதான் டீச்சர் சரி, நான் கதைய முழுசா படிக்கவே இல்ல"ன்னு சொன்னான்.

எந்த ஸ்கூல்னு நான் சொல்லப் போறதில்ல, எந்த ஸ்கூலா இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பேப்பர் திருத்துன டீச்சர் எனக்கு தெரிஞ்சவங்க, நல்லவங்க. நேர்ல போய் கேட்டேன். "அக்கா, 2 நாள்ல 120 பேப்பர் திருத்தணும், பப்ளிக்ல தலைப்பு இல்லன்னா மார்க் போகும், இப்பவே பழக்கலன்னா நாளைக்கு பெத்தவங்க என்னைத்தான் கேப்பாங்க"ன்னாங்க. அவங்க கண்ணு கலங்கிருச்சு, எனக்கும்தான். அவங்கள குறை சொல்லி என்ன ஆகப் போகுது, நானும் அந்த நாற்காலில உக்காந்து அதே சிவப்பு மைய பிடிச்சவதான்.

கேள்வித்தாள் மாறாம இது மாறாது. நான் கேக்குறது ரொம்பச் சின்ன மாத்தம். பாடப்புத்தகத்துல வராத ஒரு சிறுகதைல இருந்து அரைப் பக்கம் குடுங்க, அதுக்கு கீழ ரெண்டே கேள்வி, ஒண்ணு கதைல நேரா சொல்லாத ஒரு விஷயம், இன்னொண்ணு அது உனக்கு எந்த வரில இருந்து தெரிஞ்சுதுன்னு. பிள்ளை எந்தப் பதில எழுதுனாலும் அது காட்டுற வரி அதத் தாங்குதுன்னா முழு மார்க். இதுக்கு கைடு போட முடியாது, மனப்பாடம் பண்ண முடியாது. திருத்துறதும் கஷ்டமில்ல, அந்த வரிய பாத்தா போதும். 10 மார்க்குக்கு இது வந்துருச்சுன்னா அடுத்த ஜூன்லயே எல்லா வகுப்புலயும் கதைய நிறுத்தி நிறுத்தி படிக்க ஆரம்பிச்சுருவாங்க, டீச்சர்களுக்கு பயிற்சியே தேவையில்ல, கேள்வித்தாள் எங்க போகுதோ வகுப்பும் அங்கதான் போகும், 27 வருஷம் பாத்தவ சொல்றேன்.

சர்க்கார் ஒண்ணும் பண்ணலன்னு சொன்னா அது பொய். 2022ல சின்ன வகுப்பு பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் பழக்குற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்துச்சு, அதுக்கு அடுத்த வருஷம் வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு படி படியா சின்னச் சின்ன புத்தகம் போட்டு பள்ளிக்கூடத்துக்கு குடுத்தாங்க, அந்தப் புத்தகங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், படமும் எழுத்தும் அவ்வளவு அழகு, என் பேத்தி 'நட'வுல ஆரம்பிச்சு இப்ப 'பற'ல இருக்கா. ஆனா பறந்ததுக்கு அப்புறம் பிள்ளை எங்க போய் உக்காரும்? அதுக்கு அடுத்த படி இல்ல, அங்க இருந்து நேரா கைடுக்குள்ள போய் விழுது. அந்த இடத்துலதான் அழகிரிசாமியும் கி.ரா.வும் கந்தர்வனும் வேணும், 8 பக்கம் 10 பக்கத்துல, பெரிய எழுத்துல, தனித் தனி புத்தகமா, பின்னாடி பயிற்சி வினா எதுவும் இல்லாம.

அந்த அம்மாவுக்கு நான் சொல்றது இதுதான். பையனோட தினமும் 15 நிமிஷம் உக்காருங்கம்மா. நீங்க ஒரு பக்கம் வாசிங்க, அவன் ஒரு பக்கம் வாசிக்கட்டும். கதை முடியுறதுக்கு ஒரு பக்கம் முன்னாடி புத்தகத்த மூடிட்டு, அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிற, ஏன் அப்படி நினைக்கிறன்னு கேளுங்க. தப்பா சொன்னா திருத்தாதீங்க, எந்த வரி உனக்கு அப்படி தோண வச்சுச்சுன்னு மட்டும் கேளுங்க. முதல் நாலஞ்சு நாள் "தெரியல"ன்னுதான் சொல்லுவான். விட்டுராதீங்க.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் ஐயா. ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்துல ஒரு கால்பக்கம் ஒதுக்குங்க. ஒரு நல்ல சிறுகதையோட ஒரு பகுதிய போடுங்க, சுருக்கம் வேண்டாம், நீதி வேண்டாம், கதை முடியுறதுக்கு முன்னாடி நிறுத்திட்டு ஒரே ஒரு கேள்வி போடுங்க, பிள்ளைங்க போஸ்ட் கார்டுல எழுதி அனுப்பட்டும், அடுத்த வாரம் மீதிக் கதையோட அதுங்க பதில்ல நாலஞ்ச அச்சடிங்க. எந்தக் கதைய எந்த வயசுக்கு குடுக்கலாம், எந்த இடத்துல நிறுத்தலாம்னு 22 கதைக்கு நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், ஒவ்வொண்ணும் பிள்ளைங்ககிட்ட படிச்சுப் பாத்து வச்சது. கேட்டீங்கன்னா ஜெராக்ஸ் எடுத்து தபால்ல அனுப்பிருவேன், முதல் வாரத்துக்கு 'தண்ணீர்' வேண்டாம், அது நிறைய பேருக்கு புத்தகத்துல இருக்கு, 'ராஜா வந்திருக்கிறார்'ல இருந்து ஆரம்பிங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
கோவில்பட்டி